உரும்பிராய்க்கு வரும் வழியில் காரை யார் ஓட்டுவது?

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபுறோப் பக்கம் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் உரும்பிராய். 1995 இடப்பெயர்வோடு ஊரைவிட்டு வெளிக்கிட்ட குடும்பம். வாற ஓகஸ்டில் மூன்று கிழமை லீவில் ஊருக்கு வருகிறோம். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் நோ. மகனுக்கு 17, மகளுக்கு 11. கட்டுநாயக்காவில் இறங்கின உடனேயே வாடகைக்கு ஒரு காரை எடுத்து, தானே யாழ்ப்பாணம் வரை ஓட்டிக்கொண்டு போய், மூன்று கிழமையும் அதையே கையில் வைத்திருக்கலாம் என்கிறார் கணவர். கனடாவில் பனியிலும் நெடுஞ்சாலையிலும் எத்தனையோ வருடம் ஓட்டின மனிசன். “பஸ்ஸுக்குக் காத்து நிற்கவா இவ்வளவு காசு குடுத்துப் போறம்?” என்று கேட்கிறார். எனக்கோ மனம் ஒப்பவில்லை. ஊரில் இருக்கும் மச்சான் தன் மோட்டார் சைக்கிளை மகனுக்குத் தருகிறேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். மகனிடம் ஒன்ராறியோவின் ஜி2 லைசென்ஸ் இருக்கிறது. திரும்பும் வழியில் லண்டனில் அக்கா வீட்டில் நாலு நாள் நிற்போம். எங்கே நாங்கள் ஓட்டலாம், எங்கே பஸ்ஸோ ரயிலோ நல்லது என்று விளக்கமாகச் சொல்வீர்களா?

ஒரு வாசகி, ஸ்காபுறோ

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

நேரே பதிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்காவிலிருந்து உரும்பிராய் வரையான பாதையை உங்கள் கணவர் ஓட்டவேண்டாம். ஊருக்குள் உங்களுக்குக் கார் தேவைப்படாது. பஸ்ஸும் ஓட்டோவும் இரண்டு மூன்று சைக்கிளும் போதும். தீவுப்பக்கமோ வடமராட்சியோ போகிற நாள்களுக்கு மட்டும் சாரதியோடு ஒரு வான் பிடியுங்கள். இங்கே ஒருநாளாவது ஓட்டிப் பார்க்க அவருக்கு ஆசையிருந்தால், வந்து ஒரு கிழமை போன பிறகு, பகல் வெளிச்சத்தில், உரிய அனுமதியோடு ஓட்டட்டும். மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் கணவர் நல்ல சாரதியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பனியில் ஓட்டிப் பழகினவரின் கை நிதானமானதுதான். நான் கேட்பது வேறு: அன்றைக்கு அவர் நித்திரை கொண்டிருப்பாரா? ஓகஸ்டில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இடையில் ஒரு நாட்டில் விமானம் மாறி, கால் நீட்ட இடமில்லாமல் ஒரு நாளுக்கு மேல் இருந்துவிட்டு வந்து இறங்குவார். காலையில் காரை எடுத்தாலும் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வவுனியாவைத் தாண்டுவீர்கள். அந்த நேரம் அவருடைய உடம்புக்கு விடியப்புறம் நாலரை. கண் தானாக மூடுகிற நேரம் அது. வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில் ஏ9 வீதி நெடுகலும் நேராக, வளைவு நெளிவு குறைந்து கிடக்கிறது. அங்கே நித்திரையைக் கலைக்க ஒன்றும் இராது. பின் சீற்றில் அம்மாவும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவரோடு கதைத்துக்கொண்டிருக்கவும் ஆள் இல்லை.

தூரத்தையும் குறைவாக நினைக்கவேண்டாம். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். கனடா நெடுஞ்சாலைக் கணக்கில் இது மூன்றரை மணி நேரம். இங்கே ஊர்மனைக்குள் கார்களுக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் வேகம்தான் சட்டம். புத்தளம், அநுராதபுரம் வழியாக வந்தாலும் குருநாகல், தம்புள்ளை வழியாக வந்தாலும் பாதையின் பெரும்பகுதி போகவும் வரவும் ஒவ்வொரு வரிசை மட்டுமே உள்ள வீதி. முன்னால் போகும் லொறியை முந்தவேண்டுமானால் எதிர்த்திசைக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் யானை வீதிக்கு வரும் இடங்கள் உண்டு. வன்னிக்குள் வந்தால் கட்டாக்காலி மாடுகள். இரவில் தார் சூடாக இருப்பதால் அவை வீதியிலேயே படுத்துவிடும். கறுத்த மாடு வெளிச்சத்தில் தெரிகிற தூரத்தில் பிரேக் பிடித்தால் நேரம் காணாது. இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதி விபத்துகளில் சாகிறார்கள். நான் பயம் காட்டுவதற்காக எழுதவில்லை. உங்கள் மனம் ஒப்பாததற்கு நியாயம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

அடுத்தது இடது பக்கம். லண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வருகிற நம் ஆக்கள் எல்லோருக்கும் உண்டு. நேரான வீதியில் இடது பக்கம் போவது கடினமில்லை, முன்னால் போகிற வாகனத்தைப் பின்பற்றினால் சரி. பிழை நடப்பது வெறும் வீதியில். அதிகாலையில் ஒரு பெற்றோல் செட்டிலிருந்து வெளியே வரும்போது, ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு ஏறும்போது, பழகின கை தன்பாட்டில் வலது பக்கத்துக்குத் திரும்பும். சுற்றுவட்டத்தைக் கடிகார முள்ளின் திசையில் சுற்றவேண்டும். இங்குள்ள கார்கள் பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை. சிக்னல் தண்டு ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் இருக்கும். சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போட்டுவிட்டு அந்த ஒரு கணம் தடுமாறுவதை வெளிநாட்டிலிருந்து வருகிற பலரிடம் பார்த்திருக்கிறேன். எதிரே வருகிறவர் லைற்றை அடித்துக் காட்டினால் கனடாவில் “நீங்கள் போங்கோ” என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது பெரும்பாலும் “நான் வாறன், நீ நில்” என்பதுதான். ஹோன் அடிப்பது கோபத்தில் அல்ல, “பக்கத்தால் வருகிறேன்” என்ற அறிவித்தல். இவ்வளவையும் ஒரு மனிசன் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்ளலாம். இறங்கின அன்றைக்கே பிடித்துக்கொள்ள ஏலாது.

சட்டப்படி என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோ லைசென்ஸ் மட்டும் இங்கே செல்லாது. கனடாவில் சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரத்தை அங்குள்ள ஓட்டோமொபைல் சங்கமான சீஏஏ கொடுக்கிறது, வெளிக்கிடுமுன் எடுத்துவிடுங்கள். இங்கே வந்ததும் அதைக் கொழும்பில் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் பெறவேண்டும். அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி எடுக்கலாம். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே இந்த அனுமதிக்கு ஒரு கருமபீடம் இருக்கிறது. கார் போன்ற இலகு வாகனங்களுக்கு மட்டுந்தான் அங்கே கொடுக்கிறார்கள். கட்டணத்தை வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறுகிற விடயம். இந்தக் கடதாசியைச் சும்மா பொலிசுக்குக் காட்டுகிற பத்திரம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அனுமதி இல்லாதவர் ஓட்டி யாரையாவது மோதினால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கும். அப்போது வாகனத்தைத் தந்த சொந்தக்காரரும் சேர்ந்து மாட்டுவார். ஊரில் தெரிந்தவரின் காரை “எடுத்து ஓடுங்கோ” என்று அன்போடு தருவார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள காராக இருந்தால், அந்த அன்புக்கு நீங்கள் பெரிய விலை கொடுக்கவேண்டி வரலாம்.

அப்படியானால் எப்படி வருவது?

பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, ஊரிலிருந்து தெரிந்த சாரதியை வானோடு வரவழைப்பது. நல்ல வழிதான். ஆனால் இதைப் பற்றி யாரும் பேசாத ஒன்றைப் பேசவேண்டும். உங்கள் விமானம் விடியப்புறம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரும்பிராய்ச் சாரதி முதல்நாள் காலையில் எழும்பி, பகல் வேலையை முடித்துவிட்டு, பின்னேரம் வெளிக்கிட்டு, இரவிரவாக ஓடி வந்து, விமான நிலையத்துக்கு வெளியே நின்று, பொதிகளை ஏற்றி, அப்படியே திரும்பி ஓடுவார். வீடு வந்து சேரும்போது அவர் ஒன்றரை நாளாகக் கண் மூடாதவர். உங்கள் கணவருக்கு நான் சொன்ன அதே ஆபத்து, வேறொருவர் தலையில். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே வான் பேசும்போதே இதையும் பேசுங்கள்: முதல்நாள் பகலில் வந்து நீர்கொழும்பில் ஒரு அறையில் இரவு தூங்கட்டும்; அறைக் காசும் சாப்பாட்டுக் காசும் உங்களுடையது. அல்லது நீங்கள் எல்லோருமே அன்றிரவு நீர்கொழும்பில் தங்கி, விடிந்து சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். அம்மாவின் முழங்காலுக்கும் அது நல்லது. வாடகையைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லி இரவிலேயே திருப்பிக்கொண்டு போகக் கேட்கிற சாரதியிடம் சம்மதிக்காதீர்கள். வழியில் புத்தளத்திலோ தம்புள்ளையிலோ, பிறகு வவுனியாவிலோ இறங்கித் தேத்தண்ணி குடிக்க நேரம் விடுங்கள். பின் சீற்றில் பெல்ற் இருக்கிறதா என்று வானை எடுக்குமுன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல வான்களில் பெல்ற் சீற்றுக்குக் கீழே போய் மறைந்து கிடக்கும்.

ரயிலை நான் மனதார விரும்புகிறேன். அம்மாவுக்கு யாழ்தேவி நினைவிருக்கும். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரெல்லாம் லீவுக்கு ஊர் வந்தது அதில்தான். 1990 ஜூனில் போரால் நின்றுபோன வடபகுதி ரயில், 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. பாதை பற்றையாய்ப் போனது. ரயில் நின்றபோது உங்களுக்குப் பத்து வயதளவில் இருந்திருக்கும். இப்போது கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினால் ஏழு, எட்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். குளிரூட்டிய முதலாம் வகுப்புப் பெட்டியில் அம்மா காலை நீட்டலாம், எழும்பி நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. வானில் இந்த மூன்றும் இல்லை. உரும்பிராய்க்குக் கிட்ட உள்ள நிலையங்கள் கோண்டாவிலும் இணுவிலும். கடுகதி எல்லாம் அங்கே நிற்காது, யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோ பிடிப்பதுதான் வசதி. ஒரே சிக்கல் ஆசனம். முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாக் காலமாகையால் திறந்த கையோடு முடிந்துவிடும். அந்த நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்து, திறந்த உடனே போடுங்கள். பெரிய சூட்கேசுகளை ரயிலில் கொண்டுவர ஏலாது என்று கணவர் சொல்வார், அது உண்மைதான். பொதியை ஒரு வானிலோ பஸ் பார்சலிலோ தனியாக அனுப்பிவிட்டு ஆக்கள் ரயிலில் வருவது நடக்கிற காரியம்.

இரவு பஸ்ஸைப் பற்றியும் கேட்பீர்கள். வெள்ளவத்தையில் ஏறி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்குகிற சொகுசு பஸ்கள் நிறைய. 87ஆம் இலக்க வழி. செலவு குறைவு, ஏசி இருக்கும், கால் நீட்டச் சாய்வு இருக்கை இருக்கும். ஆனால் நான் பஸ்ஸை விபத்தில்லாத வாகனம் என்று சொல்லமாட்டேன். 2022 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போன இரவு பஸ் ஒன்று வவுனியா நொச்சிமோட்டையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. இரவில் ஒருவரையொருவர் முந்துகிற ஓட்டம் எனக்குப் பிடிக்காது. இளம் ஆக்கள் வருவார்கள் போவார்கள்; 76 வயது அம்மாவோடும் 11 வயதுப் பிள்ளையோடும் நீங்கள் பகலில் வாருங்கள்.

இன்னொரு வழி சென்னை. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவோடு நின்ற சென்னை விமானம் 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்ரெம்பரிலிருந்து இண்டிகோவும் ஓடுகிறது. பலாலியில் இறங்கினால் உரும்பிராய்ச் சந்திக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர்தான், ஏ9 வீதியையே நீங்கள் பார்க்கவேண்டியதில்லை. சின்ன விமானம், பொதி அளவு குறைவு, சென்னையில் வெளியே வருவதென்றால் இந்திய விசா வேண்டும். அம்மாவின் காலை மட்டும் யோசித்தால் இதுவே மிகச் சுகமான வழி. சென்னையில் இரண்டு நாள் தங்குகிற எண்ணம் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

இனி ஊர். நீங்கள் விட்டுப்போன உரும்பிராயின் வீதிகள் அகலமாகவில்லை, வாகனங்கள்தான் பெருத்தன. பலாலி வீதி இப்போது நல்ல காபெற் வீதி. அதனால் வேகமும் கூடிவிட்டது. விடியப்புறம் தோட்டக்காரர் வெங்காயமும் வாழைக்குலையும் கீரையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் லான்ட்மாஸ்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் போவார்கள். ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் வரிசை. சந்தியில் மானிப்பாய் – கைதடி வீதி குறுக்கே வெட்டுகிறது. அந்தச் சந்தியில் சட்டம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். உள்ளூர்க்காரர் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துத்தான் கடப்பார்கள். ஒழுங்கைகளுக்குள் போனால் இரு பக்கமும் மதில். முன்பு கிளுவை வேலியாக இருந்த காலத்தில் கொஞ்சம் ஒதுங்கலாம். மதிலில் ஒதுங்க ஏலாது. எதிரே ஒரு வான் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒரு படலை வாசலில் ஏற்றவேண்டும். பெரிய காரை வாடகைக்கு எடுத்தால் உங்கள் வீட்டு முற்றத்துக்கே அது வராமல் போகலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். ரயில் இல்லாத 24 வருடத்தில் இங்கே ஒரு தலைமுறை தண்டவாளத்தைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. கோண்டாவில், இணுவில் பக்கத்து ஒழுங்கைகள் பல ரயில் பாதையைக் குறுக்கே கடக்கின்றன. எல்லாக் கடவையிலும் காவலாளியும் படலையும் இல்லை. அந்தக் கடவைகளில் உயிர்ப்பலி நடந்திருக்கிறது, இணுவிலிலும் நடந்திருக்கிறது. யார் ஓட்டினாலும், ஓட்டோவில் போனாலும், கடவைக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடக்கச் சொல்லுங்கள். ஓட்டோக்காரத் தம்பி சிரித்தாலும் சொல்லுங்கள்.

ஊருக்குள் ஓட, பிள்ளைகளுக்கு நான் சைக்கிளைத்தான் சொல்வேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராமல் இருந்தபோது யாழ்ப்பாணத்தை ஓட்டினது சைக்கிள்தான். டொக்டரும் வாத்தியாரும் பிணம் காவினவரும் அதில்தான் போனார்கள். பழைய ஒஸ்ரின் கார்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டின காலம். 2022இல் நாட்டில் எரிபொருள் தீர்ந்து, கியூஆர் முறையில் கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று அளந்தபோதும் இங்கே சைக்கிள்கள் பத்தியிலிருந்து வெளியே வந்தன. தரை தட்டை, ஏற்றம் இறக்கம் இல்லை. காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் நிலாவரைக் கிணற்றுக்குப் போய்வரலாம், கந்தரோடைக்குப் போய்வரலாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடவேண்டும். மகள் சைக்கிளில் போனால் ஒழுங்கையில் நிற்கிற பெரியம்மாமார் மறித்து, “நீ ஆற்றை பிள்ளை?” என்று கேட்பார்கள். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றின காரை யாரும் மறித்துக் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லித்தான் உங்கள் பிள்ளைக்குத் தன் சொந்தம் எவ்வளவு பெரிது என்று விளங்கும். மூன்று கிழமையும் காரை வைத்திருப்பதில் நான் காணும் பெரிய நட்டம் இதுதான்.

யாழ்ப்பாண நகரத்துக்குப் பஸ் எடுங்கள். சந்தியில் நின்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸோ தனியார் மினிபஸ்ஸோ பலாலி வீதியால் வரும். திருநெல்வேலி, கந்தர்மடம் தாண்டி ஏழு கிலோமீற்றர் போல. நகரத்தில் காரை நிறுத்த இடம் தேடி அலைகிற நேரத்தில் நீங்கள் கடைக்குள் நிற்பீர்கள். சில்லறைக் காசு வைத்திருங்கள், இறங்குகிற இடத்தைக் கொண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொல்வதானால் அம்மாவுக்கு இந்தப் பஸ் சரிவராது: படி உயரம், ஏறி இருக்குமுன் வெளிக்கிட்டுவிடுவார்கள். அவவுக்கு ஓட்டோ. ஊரில் ஒரு ஓட்டோத் தம்பியைப் பிடித்து அவருடைய நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள். தெரியாத ஓட்டோவென்றால் ஏறுமுன் மீற்றரைப் போடச் சொல்லுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஊர்ப் பக்கம் பஸ்ஸை நம்பி நகரத்தில் நிற்கவேண்டாம்.

நல்லூருக்குக் காரில் போகவே நினைக்காதீர்கள். 25 நாள் திருவிழாவிலும் கோயிலைச் சுற்றின வீதிகளை வாகனங்களுக்குப் பூட்டிவிடுவார்கள். தேரன்று நகரத்தின் பாதிப் பக்கமே நடை. ஓட்டோவில் தடை போட்டிருக்கும் இடம்வரை போய் இறங்குங்கள். அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று கையில் இருந்தால் நல்லது.

வான் வேண்டிய நாள்கள் என்று நான் நினைப்பது இவை. நயினாதீவுக்குப் போகும் நாள்: புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை வீதி, அங்கிருந்து படகு. பஸ்ஸும் ஓடுகிறது, ஆனால் வெயிலில் காத்திருந்து மாறுவது அம்மாவுக்குக் கூடாது. நெடுந்தீவும் அதே துறையிலிருந்துதான். படகில் நேரம் கூட, அலை இருந்தால் ஆட்டும், அம்மாவைக் கூட்டிப் போகவேண்டாம். வான் அங்கே வராது, தீவில் இறங்கி ஓட்டோ பிடிக்கவேண்டும். செல்வச்சந்நிதி, பருத்தித்துறை, மணற்காடு ஒரு நாள். கீரிமலையும் மாவிட்டபுரமும் இன்னொரு நாள். வயாவிளானிலிருந்து பலாலிப் பக்கம் போகும் வீதி முப்பது வருடத்துக்கு மேல் இராணுவத்தின் பிடியில் பூட்டிக் கிடந்து 2025 ஏப்ரல் 10இல் திறந்தது. திறந்தபோது வாகனத்தில் மட்டும் போகலாம், நடக்கக்கூடாது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். அன்றைய நிலவரத்தை ஊரில் விசாரித்துவிட்டு, நிதானமாக ஓட்டுகிற சாரதியோடு போங்கள். சொந்தக் காணியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களும் அந்த வீதியில் வருவார்கள். அவர்களை மதித்து ஓட்டத் தெரிந்த ஆள் தேவை.

உங்கள் கணவருக்கு ஓட்டும் ஆசை இன்னும் இருந்தால், இரண்டாம் கிழமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன ஓட்டோமற்றிக் காரை எடுக்கட்டும். காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வரட்டும். பக்கத்தில் உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கவேண்டும். பொழுதுபடுமுன் வீடு. வாடகைக்கு எடுக்குமுன் காப்புறுதிப் பத்திரத்தில் முழுக் காப்புறுதியா என்று பார்க்கவேண்டும். வாகனத்தைச் சுற்றி எல்லாக் கீறலையும் படம் எடுத்து வைக்கவேண்டும்.

லண்டனைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அங்கே காரை எடுக்கவே வேண்டாம். நகர நடுவுக்குள் போனால் நெரிசல் கட்டணம், 2026 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 18 பவுண். பழைய வாகனமென்றால் புகைக் கட்டணம் 12.50 பவுண் அதற்கு மேல். தரிப்பிடக் கட்டணம் தனி. பாதாள ரயிலில் போங்கள்; உங்கள் கனடா கிரெடிட் அட்டையையே நிலைய வாயிலில் தட்டிப் போகலாம். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்பதை மறக்காதீர்கள், கணவருடைய அட்டையில் நீங்களும் போக முடியாது. மகளுக்கு ஒயிஸ்ரர் என்ற பயண அட்டை ஒன்றை வாங்கி, நிலையத்தில் நிற்கும் ஊழியரிடம் சொன்னால் 11 முதல் 15 வயது வரை வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான பாதிக் கட்டணத்தை அதில் போட்டுத் தருவார். அம்மாவுக்காகப் படியேறாமல் போகக்கூடிய நிலையங்களைக் காட்டும் வரைபடத்தை எடுத்து வையுங்கள். இரவு பதினொரு மணிக்கும் ரயில் வருகிற ஊர் அது.

கடைசியாக மகனுடைய மோட்டார் சைக்கிள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. ஜி2 கார் லைசென்ஸ்; மோட்டார் சைக்கிளுக்கு ஒன்ராறியோவிலேயே அது செல்லாது. சர்வதேச அனுமதியை 18 வயதுக்கு முன் கொடுக்கமாட்டார்கள். இங்கேயும் 18தான் சட்டம். ஆகவே அவன் ஏறி ஓட்டுகிற அந்தக் கணமே சட்டத்துக்கும் காப்புறுதிக்கும் வெளியே போய்விடுகிறான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வருகிறவர்களில் இளம் பெடியள்தான் எத்தனை பேர் என்று அங்கே வேலை செய்கிற எந்தத் தாதியிடமும் கேட்டுப் பாருங்கள். இடது பக்கம் பழகாத, கியர் பழகாத 17 வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்கவேண்டாம். மச்சான் மனம் நோகும் என்று யோசிக்கவேண்டாம். நீங்கள் வெளிக்கிடுமுன்னே போனில் அவனிடமே சொல்லிவிடுங்கள்: மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாக அதே பத்தியில் சாத்திக் கிடக்கிற பழைய சைக்கிளுக்குப் புது ரியூப் போட்டு, பிரேக் கட்டையை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஏறிப் போவதென்றாலும் இரண்டு பேருக்கும் ஹெல்மெற். மகனுடைய தலைக்கு அளவான ஒன்றைக் கனடாவிலிருந்தே கொண்டு வாருங்கள், இங்கே இரவல் ஹெல்மெற்றின் நாடி வார் பெரும்பாலும் அறுந்திருக்கும்.